வெள்ளிப் பெயின்ட்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடனுக்கு ஐம்பத்தாறு.

குருவின் பெயர் நாகமணி. உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், எடைமேடைக்குப் பக்கத்தில், கார்களுக்கும் வேன்களுக்கும் ஒயரிங் வேலை பார்க்கிற சின்னக் கடை அவளுடையது. புருஷன் பால் வேன் ஓட்டுகிறான். அவளுக்குப் பேச்சு கம்மி. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். அதுவும் ஸ்க்ரூவை முடுக்கி முடித்த பிறகுதான் வரும்.

சீடன் சென்னியப்பன். நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவர். மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, இந்தக் கார் வேலையை எனக்குச் சொல்லிக் குடு."

"வயசுல மூத்தவங்களை எப்படிங்கண்ணா வேலை வாங்கறது?"

"மிரட்டி வாங்கு."

நாகமணி சிரித்துவிட்டாள். அன்றைக்கே அவர் வேட்டியை அவிழ்த்து மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, காக்கி டவுசரோடு உட்கார்ந்தார். ஒரு வருஷம் ஆயிற்று. இன்றுவரை அவள் அவரை மிரட்டவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சென்னியப்பனின் கார் கடைக்கு வந்தது. ஓடி வரவில்லை. நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பழைய அம்பாசிடர். மில் முதலாளி கழித்துக் கட்டியபோது இவர் வாங்கியது. போன மாசம் வரைக்கும் மங்கிப் போய், பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிற மாதிரி இருந்தது. இப்போது பால் வெள்ளையில் பளபளவென்று நின்றது.

நாகமணி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"காருக்குக் கண்ணாலமாட்ட இருக்குதுங்கண்ணா."

"கண்ணாலம் இல்ல அம்மிணி, வளைகாப்பு. எம் புள்ள இந்துவுக்கு நாளைக்குக் காங்கயத்துல வளையல் அடுக்கறாங்க. முடிச்சுக் கையோட இங்க கூட்டிட்டு வரோணும். பிரசவத்துக்கு."

"இந்த வண்டியிலயா?"

"அவதான் சொல்லிட்டா. டாக்ஸியில காலை மடக்கி உக்கார முடியலப்பா, நம்ம வண்டியே கொண்டு வா, பின்னாடி காலை நீட்டிக்கறேன்னு. புள்ள வாய் விட்டுக் கேட்டதே இந்த ஒண்ணுதான். அதான் பத்து நாளா உக்காந்து நானே பெயின்ட் அடிச்சேன். வெளிய மட்டுமில்ல, உள்ள பாரு."

பானெட்டைத் தூக்கினார். எஞ்சினைச் சுற்றியிருந்த இடமெல்லாம் வெள்ளிப் பெயின்ட். தகரத்தில், தகரத்தின் மடிப்பில், மடிப்புக்குள் இருந்த போல்ட்டின் தலையில் கூட. வெயில் பட்டுக் கண் கூசியது.

நாகமணி ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள்.

"ஒரு இடம் விடலீங்களாட்ட இருக்குது."

"விடுவனா? பேட்டரி ஒயரு, எர்த் ஒயரு எல்லாத்தையும் கழட்டி வெச்சு, அடியில பூசி, காஞ்சப்புறம் மறுபடியும் முடுக்கியிருக்கேன். எம் புள்ள வர்ற வண்டி."

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த பள்ளிக்கூட வேனுக்குப் போய்விட்டாள் அவள்.

சென்னியப்பன் வேலையில் இறங்கினார்.

பெயின்ட் அடித்து முடித்த மறுநாளே காருக்குச் சீக்கு வந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் நோவு வந்த மாடு மாதிரி முனகும். ஒருவழியாக எஞ்சின் பிடித்துக்கொண்டாலும், ஹெட்லைட்டைப் போட்டால் இருமும். ஹாரன் அடித்தால் அது தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி கத்தும். இன்றைக்கு ரயில்வே கேட்டில் ஒரேயடியாக நின்றுவிட்டது. இந்த மூன்று நாளில் அவர் பிளக் மாற்றிவிட்டார். காயில் மாற்றிவிட்டார். பேட்டரியைப் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டார். ஒவ்வொன்றும் மாற்றிய கொஞ்ச நேரம் சரியான மாதிரி இருக்கும். அப்புறம் பழைய கதைதான்.

சோதிக்கிற பல்பை எடுத்தார். ஒரு முனையில் கிளிப், இன்னொரு முனையில் ஊசி, நடுவில் பல்பு. கிளிப்பைப் பேட்டரியின் மைனஸ் முனையில் கவ்வவிட்டார். ஊசியைக் காயிலில் வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. பியூஸில் வைத்தார். எரிந்தது. ஹெட்லைட் ஒயரில், ஹாரன் ஒயரில், செல்ஃப் மோட்டாரில். எங்கே வைத்தாலும் தீபாவளிதான்.

"அம்மிணி."

"சொல்லுங்கண்ணா." தலை வேனுக்கு அடியில் இருந்தது. குரல் மட்டும் வந்தது.

"எல்லா இடத்துக்கும் கரண்ட் வருது. ஒண்ணு பாக்கியில்ல. அப்புறம் ஏன் ஓட மாட்டீங்குது?"

"எல்லா எடமும் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். எர்த் ஒயரு ஒண்ணுதான் பாக்கல. அதைப் பாத்து என்ன பண்றது? அது ஷாக் அடிக்காம இருக்கறதுக்குப் போடறது. இந்தப் பன்னெண்டு வோல்ட்டுல எங்க ஷாக் அடிக்கப் போகுது? மில்லுல எர்த் அத்துப்போய் ஆறு மாசம் மோட்டார் ஓடியிருக்குது, தெரியுமா?"

"மில்லுல ஓடுமுங்க" என்றாள் நாகமணி.

அப்புறம் ஸ்பேனர் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

போன் அடித்தது. சம்சாரம் ருக்குமணி.

"ஏனுங்க, வண்டி ஆச்சுங்களா?"

"ஆயிட்டே இருக்குது."

"இதையேதான் மூணு நாளா சொல்றீங்க. சம்பந்தி வீட்டுல கேக்கறாங்க, டாக்ஸி அவங்களே பேசி அனுப்பறாங்களாமா. நாளைக்குப் பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வளையல் அடுக்கோணும்."

"ஒரு மணி நேரம் பொறுத்துக்க."

"வண்டிக்குப் பவுடர் போட்டது போதும். அதை ஓட வைங்க மொதல்ல."

போனை வைத்துவிட்டார். காது சிவந்திருந்தது. வயசான மனுஷன், ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்ட வேலை, சொந்தக் கார், பெற்ற மகள். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ஸ்க்ரூடிரைவரைத் தரையில் போட்டார்.

"அம்மிணி, நீ வந்து ஒருக்கா பாரு. எனக்குப் பாடம் கீடம் ஒண்ணும் வேண்டாம். உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

நாகமணி வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்தாள். காருக்குப் பக்கத்தில் வரவில்லை. அலமாரியிலிருந்து வாய் குறுகின கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். சின்னப் புனல் ஒன்றை எடுத்து, அதன் கழுத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினாள். பாட்டில் வாயில் இறுக்கிச் செருகினாள்.

"இதுல தண்ணி ரொப்பிக் குடுங்கண்ணா."

"இப்பவா?"

"ஆமாங்க."

சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டுப் பழகிவிட்டார். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். கொஞ்சம் இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. புனல் நிறையத் தண்ணீர், கீழே பாட்டில் காலி.

"அடைச்சிருக்குது."

"பாருங்க."

தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புனலைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டை சுத்தமாக இருந்தது. மறுபடியும் செருகி ஊற்றினார். மறுபடியும் நின்றது.

"தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"ஓட்டை இருக்குதுங்களா?"

"இருக்குதம்மா."

"பாட்டில்ல எடம்?"

"எடம் கெடக்குது முச்சூடும்."

"அப்புறம் ஏனுங்கண்ணா எறங்க மாட்டீங்குது?"

கோபத்தில் புனலை ஓர் ஆட்டு ஆட்டினார் சென்னியப்பன். டியூப் துண்டு ஒரு நூல் விலகியது. குபுக்கென்று ஒரு குமிழி ஓரத்தில் கிளம்பியது. தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து உள்ள மாட்டிக்கிச்சு. அது வெளிய வந்தாத்தான் தண்ணி உள்ள போகும்."

நாகமணி பாட்டிலை வாங்கிக்கொண்டு வேனுக்கு அடியில் போய்விட்டாள்.

சென்னியப்பன் கார் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மா பார்த்தார்.

மில்லில் ஒரு மோட்டாருக்குப் போகிற ஒயர் இருக்கும். வருகிற ஒயரும் இருக்கும். கரண்ட் ஒன்றின் வழியாகப் போய் வேலை பார்த்துவிட்டு இன்னொன்றின் வழியாகத் திரும்பும். இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் பார்த்தார். இந்தக் காரில் ஹாரனுக்கு ஓர் ஒயர். லைட்டுக்கு ஓர் ஒயர். காயிலிலிருந்து பிளக்குக்கு ஓர் ஒயர். போகிறது எல்லாம் இருக்கிறது. திரும்பி வருகிற ஒயர் எங்கே? ஒரு வருஷமாக இவர் கையாலேயே எத்தனை வண்டிக்கு முடுக்கிவிட்டிருக்கிறார். ஒரு நாள் கூட இதைக் கேட்கவில்லையே.

ஹாரனைப் பார்த்தார். அது தகரத்தில் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. லைட்டும் தகரத்தில்தான் இருந்தது. எஞ்சின் இரும்பில். எல்லாம் ஒரே இரும்பு. அந்த இரும்பின் ஒரு மூலையிலிருந்து ஒரு தடித்த ஒயர் பேட்டரியின் மைனஸுக்குப் போனது. இவர் கழற்றி வைத்துப் பெயின்ட் பூசிவிட்டு முடுக்கிய எர்த் ஒயர். கரண்ட் திரும்புகிற வழி அது ஒன்றுதான்.

எழுந்தார். சோதிக்கிற பல்பின் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து எடுத்தார். ஹாரன் போல்ட்டின் பின்பக்கம் பெயின்ட் படாத இரும்பு கொஞ்சம் தெரிந்தது. அங்கே கவ்வவிட்டார். ஊசியைப் பழையபடி காயிலில் வைத்தார்.

பல்பு பீடி நுனி மாதிரி சிவந்தது. அவ்வளவுதான்.

"அட" என்றார் சென்னியப்பன்.

வேனுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடியும் கேட்டது.

எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளிப் பெயின்ட், ஒரு கீறல் இல்லாமல், வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் துருப் பிடித்திருந்தது என்று இரண்டு கோட் அடித்ததும் ஞாபகம் வந்தது. மற்ற இடத்துக்கெல்லாம் ஒரு கோட்தான்.

உலகத்தில் வேறு யாரும் பார்க்கப் போகாத இடம். ஆனாலும் அதைச் சுரண்டக் கை வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தபடியே நின்றார்.

"உப்புத்தாள் மேல் தட்டுல இருக்குதுங்கண்ணா" என்று வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். அவளுடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"அப்ப நீ மத்தியானமே பாத்துட்டயா?"

செருப்பு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். பெயின்ட் போய், பழைய துரு போய், அதற்கும் அடியில் இரும்பு வெள்ளையாக வந்தது. ஒயரின் முனையையும் தேய்த்தார். வைத்து முடுக்கினார். உள்ளே ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டார்.

பாதித் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஹெட்லைட்டைப் போட்டார். இருமவில்லை. ஹாரனை அமுக்கினார். எடைமேடையில் படுத்திருந்த ஆடுகள் நான்கும் எழுந்து ஓடின. எடைமேடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, லாரி ஹாரனை எடுத்து மாட்டிட்டீங்களா?" என்று கத்தினார். சென்னியப்பன் அவருக்காக இன்னொரு தடவை அடித்தார்.

நாகமணி வந்து எர்த் போல்ட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"மேல கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கண்ணா. துருப் புடிக்காது."

"வேற ஏதாச்சும்?"

"அவ்வளவுதானுங்க."

வெள்ளிக்கிழமை காலை. கடையை இன்னும் திறக்கவில்லை. சென்னியப்பன் பட்டு வேட்டியில், காரை வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் ருக்குமணி மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். டிக்கியில் தட்டுத் தட்டாகச் சீர்.

நாகமணி மொபெட்டில் வந்து சேர்ந்தாள். அவளுடைய மகள் துளசி, நாலரை வயது, முன்னால் நின்றுகொண்டு வந்தாள்.

"இன்னும் பொறப்படலீங்களாண்ணா? பத்தரைக்குள்ள..."

"இவரைக் கேளு அம்மிணி" என்றாள் ருக்குமணி. "அஞ்சு மணியில இருந்து ஆறு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டாரு. ஆறு தடவையும் ஓடுது. ஏழாவது தடவை ஓடாதோன்னு இப்ப நிறுத்தாமயே வெச்சிருக்காரு."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. காரை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மிணி, போறப்ப நாங்க ரெண்டு பேருதான். நின்னா நிக்கட்டும், தள்ளிக்கலாம். வர்றப்ப அவ இருப்பா. ஒம்பதாவது மாசம். உச்சி வெயில்ல, நடு ரோட்டுல, வண்டி நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நாகமணி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"ஐயையோ" என்றார் சென்னியப்பன்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா."

ஏறி உட்கார்ந்து திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் கை ஸ்டியரிங்கில் வைத்தபடியே இருந்தது. கியரைத் தொடவில்லை.

"இங்க புடிக்குது. அங்க?"

"ஏனுங்க, போலாமுங்க" என்றாள் ருக்குமணி.

"இரு. அம்மிணி, நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ வேண்டாம்னு சொன்னா இப்பவே டாக்ஸி கூப்பிட்டுக்கறேன். எனக்கு மானம் ரோசம் ஒண்ணும் இல்ல. புள்ள பத்திரமா வந்தாச் செரி."

நாகமணி மொபெட்டுக்குப் போய்த் துளசியைத் தூக்கி இறக்கினாள். அப்போதுதான் ருக்குமணி அந்தக் குழந்தையைச் சரியாகப் பார்த்தாள். தலை நிறையக் கனகாம்பரம். கண்ணுக்கு மை. மாம்பழ நிறத்தில் பட்டுப் பாவாடை.

"இதென்ன அம்மிணி, பால்வாடிக்குப் போற புள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டியிருக்கற?"

நாகமணி பின்பக்கக் கதவைத் திறந்தாள். குழந்தையைத் தூக்கி, அந்த அகலமான சீட்டின் நடுவில் உட்கார வைத்தாள். பாவாடையை இழுத்து விட்டாள். கதவைச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

சென்னியப்பன் கண்ணாடியில் அந்தக் குழந்தையைப் பார்த்தார். அது காலை நீட்டிக்கொண்டு, கொலுசை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நாகமணியைத் திரும்பிப் பார்த்தார். கியரைப் போட்டார்.

நாகமணி ஜன்னலண்டை குனிந்தாள்.

"திரும்பி வர்றப்ப தூங்கிப் போயிருவாளுங்கண்ணா. எழுப்பாதீங்க. அப்படியே தூக்கி எங்கிட்டக் குடுங்க."